குடம் கழன்ற பிறகு

கர்நாடக வயலின்காரர் மேடையில் உட்காரும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். சம்மணம் போட்டு, வலது காலைச் சற்றே முன்னால் விட்டு, அந்தக் கணுக்காலின் மேல் வாத்தியத்தின் சுருள் தலையை அமர்த்திக்கொள்வார். மறுமுனை இடது தோளுக்கும் மார்புக்கும் நடுவில் அண்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் பிடிமானம் கிடைத்துவிட்டதால் இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லை. மேல் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே வழுக்கலில் இறங்கி வரலாம். காந்தாரத்தில் நின்று ஆற அமர அசைக்கலாம். நின்றபடி தாடையில் இடுக்கி வாசிக்கும் ஐரோப்பியருக்கு அந்தச் சுருள் தச்சனின் கைத்திறம், ஓர் அலங்காரம். நம்மவருக்கோ வாத்தியத்தின் தலைதான் அதன் கால்.

மேல்நாட்டில் மின் வயலின் வடிவமைக்கிறவர்களில் பலர் முதலில் கை வைப்பது இந்தத் தலையில்தான். சுருதி சேர்க்கும் முறுக்காணிகளைத் தாடைப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டால் முன்பாரம் குறையும், வாத்தியமும் குட்டையாகும், பார்க்கவும் நாகரிகமாக இருக்கும். நின்று வாசிப்பவருக்கு அது உண்மையிலேயே சௌகரியம். அதையே பெங்களூரிலோ சென்னையிலோ ஒருவர் வாங்கிவந்து சம்மணமிட்டு உட்கார்ந்தால், வெட்டுப்பட்ட நுனி கணுக்கால் எலும்பில் குத்தும், இல்லையென்றால் வழுக்கி ஓடும். துணியைச் சுற்றிச் சமாளிக்க வேண்டியதுதான்.

மின்சாரம் வந்ததால் தந்தி வாத்தியத்துக்குக் கிடைத்த பெரிய விடுதலை, வயிறு தேவையில்லை என்பது. காற்றை அசைக்கும் வேலையை ஒலிபெருக்கி எடுத்துக்கொண்டுவிட்டது. உள்ளே குடைந்த கூடும் குடமும் வேண்டாம். ஆனால் அந்த நொடியிலேயே மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றும், தான் ஏன் இருக்க வேண்டும் என்பதற்குப் புதிதாகக் காரணம் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது. எதைத் தூக்கி எறிந்தார், எதைத் தொடாமல் விட்டார் என்பதில்தான் செய்தவரின் ரசனை தெரியும். மின்சுற்று எவ்வளவு நுட்பமானது என்பதை இரண்டாவதாகப் பார்த்துக்கொள்ளலாம். விரலும் உடம்பும் வாத்தியத்தைத் தொடும் இடங்களைப் பார்த்தால் போதும், செய்தவருக்குச் சங்கீதம் தெரியுமா என்று சொல்லிவிடலாம். இதைப் பார்த்து ரசிக்கப் பெங்களூர் நல்ல ஊர்.

முதலில் குதிரை. தந்திகள் ஏறி உட்காரும் அந்தச் சின்ன மேப்பிள் மரத்துண்டை மின் வயலினும் கைவிடுவதில்லை. சாதாரண வயலினில் வில் இழுக்கும்போது குதிரை பக்கவாட்டில் ஆடுகிறது. அதன் ஒரு கால் உள்ளே நிற்கும் சிறு குச்சியருகே ஊன்றி நிற்க, இன்னொரு கால் மேற்பலகையை அழுத்தி அழுத்தி விடுகிறது. மூன்று மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அந்தப் பலகைதான் ஒலியை வடிகட்டி, முரட்டுத்தனத்தைக் கழித்து, நாம் வயலின் என்று அடையாளம் காணும் குரலைத் தருவது. மின் வயலினில் அந்தக் குதிரையின் காலடியிலோ உடம்பிலோ அழுத்தத்தை மின்னாக மாற்றும் பைசோ சில்லு ஒன்றைப் பதிக்கிறார்கள். கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்த இயல்பு அது. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும். வில்லின் மயிர் தந்தியைப் பற்றி இழுத்து, நழுவவிட்டு, மறுபடி பற்றும் அந்த ரம்ப அலை, வடிகட்ட ஆளில்லாமல் நேரே கம்பிக்குள் போய்விடுகிறது. அதனால்தான் மலிவான மின் வயலின் காதைக் கீறுகிறது. நல்லதில், பலகை செய்துவந்த வடிகட்டலை மின்சுற்று ஏற்றுக்கொண்டிருக்கும்.

இதற்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்கலாம். பெங்களூர் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமிக் கச்சேரிக்குப் போய்ப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939-இல் தொடங்கி நடத்திவரும் அந்தப் பந்தலில் கூட்டம் கடைசி வரிசைக்கு அப்பாலும் நிற்கும். வயலினுக்கு முன்னால் வைத்த மைக், பக்கத்து மிருதங்கத்தையும் சேர்த்தே வாங்கும். ஒலியைக் கூட்டினால் வயலினின் வெற்றுக்கூடு ஒலிபெருக்கியின் சத்தத்தைத் தானே மறுபடி உள்வாங்கி ஊளையிடத் தொடங்கும். கெட்டி மரத்தில் செய்த உடம்புக்கு அந்த நோய் மிகக் குறைவு.

கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற கவலை மின்சாரத்தோடு வந்ததல்ல. மைசூர் சமஸ்தானத்தின் திருமகூடலு ஊரைச் சேர்ந்த டி. சௌடய்யா 1920-களிலேயே அதற்கு ஒரு வழி கண்டார். பிடாரம் கிருஷ்ணப்பாவின் சீடர். மைக் பரவாத காலம். பெரிய கொட்டகைகளில் பக்கவாத்தியத்தின் நாதம் பின்னால் உட்கார்ந்தவரை எட்டவில்லை. அவர் நான்கு தந்தியோடு மூன்றைச் சேர்த்து ஏழாக்கினார். மூன்று தந்திகளுக்கு ஒவ்வொரு துணை.

கேட்க எளிது. கிட்டே போய்ப் பார்த்தால்தான் அந்தத் துணிச்சல் புரியும். நான்கு தந்தியின் இழுவையிலேயே ஒரு பங்கு குதிரை வழியாக அந்த மெல்லிய பலகையை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். மேலும் மூன்று வந்தால் கழுத்தும் பலகையும் தாங்க வேண்டும். குதிரையின் அதே வளைவுக்குள் ஏழு பள்ளம் வெட்ட வேண்டும். வளைவு கொஞ்சம் தட்டையானாலும் வில் பக்கத்து ஜோடியையும் உரசிவிடும். இடது கையில் ஒரே விரல் நுனி இரண்டு தந்தியை ஒரே அழுத்தத்தில் பிடிக்க வேண்டும். மெட்டு இல்லாத வாத்தியம் வேறு; மயிரிழை பிசகினால் ஒரு ஸ்வரம் இரண்டு ஸ்வரமாகக் கேட்கும். பிசகாமல் அசைவும் கொடுத்து, வாழ்நாளெல்லாம் அப்படியே வாசித்து, 1957-இல் சங்கீத கலாநிதியும் ஆனார். ஒலிபெருக்கி செய்யவேண்டிய வேலையை ஒரு மனிதர் விரலால் செய்திருக்கிறார் என்பதுதான் எனக்கு இதில் பெரிய ருசி.

அவர் பெயரில் பெங்களூர் வயாலிகாவலில் 1980-இல் எழுந்த சௌடய்யா நினைவு மண்டபம், கட்டடமே ஏழு தந்தி வயலின் வடிவம். தந்தி, குதிரை, முறுக்காணி, வில் எல்லாம் உண்டு. வெளியிலிருந்து பார்க்க அழகு. உள்ளே இருக்கையில் சாய்ந்தவருக்குத் தான் ஒரு வயலினின் வயிற்றுக்குள் இருப்பது நினைவிருக்காது. அங்கும் மைக் வைத்துத்தான் வாசிக்கிறார்கள்.

சௌடய்யா தந்தியை இரட்டித்தார் என்றால், அதற்கு நேரெதிராகப் போனவர் பாலகொல்லில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ். மாண்டலின் என்பது பிறப்பிலேயே இரட்டைத் தந்தி வாத்தியம்: நான்கு ஜோடி, எட்டுத் தந்தி. சின்ன வயிறு என்பதால் சத்தம் போதாமல் வந்த ஏற்பாடு அது. ஆனால் ஜோடியாக நிற்கும் இரண்டு தந்தியை ஒரு விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறுகாது. இழுக்க இழுக்க இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகி, கமகம் கலங்கிப்போகும். ஸ்ரீநிவாஸ் கையில் இருந்தது கெட்டி உடம்பு மின் மாண்டலின்; ஜோடிகளைக் கழற்றிவிட்டு ஐந்து ஒற்றைத் தந்தி போட்டுக்கொண்டார். சத்தத்தை மின்சாரம் பார்த்துக்கொண்டது, விரலுக்கு ஒற்றைத் தந்தி கிடைத்தது. ஒரு சிறுவனின் கையில் தோடியின் காந்தாரம் அப்படி ஆடியதற்குப் பாதிக் காரணம் அவருடைய மேதை. மீதியில் கொஞ்சத்தை அந்தக் கழற்றிப்போட்ட தந்திகளுக்கும் கொடுக்கலாம்.

வயலினில் இந்தக் கதையின் உச்சம் எல். சங்கர். யாழ்ப்பாணத்தில் சங்கீதம் கற்பித்த வி. லட்சுமிநாராயண ஐயரின் மகன். பெங்களூரில் 2007-இல் இசைப்பள்ளி தொடங்கிய எல். சுப்ரமணியத்தின் தம்பி. தனக்கு வேண்டியதை அவரே திட்டமிட்டு, நியூயார்க்கின் கித்தார்த் தச்சர் கென் பார்க்கரிடம் கொடுத்து 1980 வாக்கில் செய்துகொண்டது இரட்டை வயலின்: ஒரே உடம்பு, இரண்டு கழுத்து, கழுத்துக்கு ஐந்தாகப் பத்துத் தந்தி. டபுள் பாஸின் அடித்தளத்திலிருந்து வயலினின் உச்சி வரை ஒரே மனிதர் ஒரே வில்லில் போய்வரலாம். வயிறு வைத்த வாத்தியத்தில் இது நடக்காது. டபுள் பாஸின் ஆழத்துக்கு ஆளுயரக் கூடு வேண்டும். கூட்டின் அளவுதான் சுருதியின் ஆழத்தைத் தீர்மானிக்கும் என்ற பழைய சட்டம் மின்சாரத்தால் உடைந்ததை இவ்வளவு நேரடியாகக் காட்டிய வாத்தியம் வேறு இல்லை. பார்க்கர் பிறகு 1993-இல், பைசோ நிபுணர் லாரி ஃபிஷ்மனோடு சேர்ந்து, இறகுபோல் கனமில்லாத ஒரு மின் கித்தாரைக் கொண்டுவந்து தனிப்புகழ் பெற்றார்.

இவற்றையெல்லாம் விட நான் நின்று பார்ப்பது பெங்களூர் வீணையை. ஜி. ராஜ் நாராயண் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் பொறியாளராக இருந்தவர், புல்லாங்குழல் வித்வானும்கூட. 1979-இல் மின்னணுத் தம்புராவைக் கொண்டுவந்தார். ராடெல் என்ற அவருடைய நிறுவனத்தின் சுருதிப்பெட்டி இன்று பாட்டு வகுப்பு நடக்கும் பல வீடுகளில் இருக்கிறது. பலருக்கு அவரைத் தெரிவது அதனால்தான். அவர் வீணையில் செய்தது அதைவிடச் சிரமமான வேலை, பேசப்படுவதோ குறைவு.

வீணையின் உடம்பைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளலாம். பலா மரத்தில் குடைந்த குடம், நீண்ட தண்டி, நுனியில் யாளி முகம், இடது தொடையில் சாயும் சுரைக்காய். தண்டியின் மேல் இரண்டு ஓரத்திலும் கறுப்பு மெழுகுக் கரை. அந்தக் கரைகளின் மேல் பாலம் போட்டாற்போல் 24 வெண்கல மெட்டு. ஏழு தந்தி: வாசிக்க நான்கு, தாளத்துக்குப் பக்கத்தில் மூன்று.

குடத்தைக் கழற்றிவிட்டால் பாரம் போகிறது, பயணத்தில் உடையுமே என்ற பயமும் போகிறது. மின் வீணையில் அதைத்தான் முதலில் கழற்றினார்கள். தொடையில் சாய்வதற்கும் தரையில் நிற்பதற்கும் வேண்டிய தாங்கிகள் இருந்தால் போதும். பிரித்துப் பெட்டியில் வைக்கலாம். வீணையோடு விமானம் ஏறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது மெழுகு. மேளம் கட்டுவது என்பது தனித் தொழில். தேன்மெழுகில் கரி கலந்து உருக்கி, கரை கட்டி, மெட்டுகளை ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு நகர்த்திப் பதிப்பார்கள். சென்னையின் மே மாத வெயிலில் அந்த மெழுகு இளகும். மெட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் ரிஷபம் கெட்டது. ராஜ் நாராயணின் வீணையில் மெழுகு இருந்த இடத்துக்குத் திருகு வந்தது. வாசிப்பவரே மெட்டைச் சற்று நகர்த்தி இறுக்கிக்கொள்ளலாம், மேளக்காரருக்காகக் காத்திருக்க வேண்டாம். இதில் நான் ரசிப்பது, கித்தாரைப்போல் மெட்டுகளை மரத்துக்குள் அடித்து இறக்கிவிடாமல் விட்டதை. அப்படி இறக்கினால் செய்வது இன்னும் சுலபம். ஆனால் வீணைக்காரர் தந்தியை மெட்டின்மேல் வைத்துப் பக்கவாட்டில் இழுக்கிறார். ஒரே மெட்டில் மூன்று நான்கு ஸ்வரம் வரை ஏறுகிறார். அப்போது விரல் நுனி அந்தரத்தில் நிற்க வேண்டும். உயரமான மெட்டுகளுக்கு நடுவில் அதற்கு இடம் உண்டு. தாழ்ந்த மெட்டென்றால் தோல் கீழ்ப்பலகையில் உரசி, இழுப்பு பாதியில் சிக்கும். மெட்டின் உயரம் என்பது வெறும் அளவுக்கணக்கு போலத் தெரியும். பைரவியின் ஆட்டமே அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

வீணையை மின்மயமாக்க நினைப்பவரைத் தடுக்கும் இன்னொரு கல், பித்தளை. மின் கித்தாருக்குப் போடும் காந்தப் பிக்-அப், தன் மேல் ஆடும் எஃகுத் தந்தியைத்தான் உணரும். வீணையில் சாரணியும் பஞ்சமமும் எஃகு, சரி. மந்தரமும் அனுமந்தரமும் வழக்கமாகப் பித்தளை. காந்தத்துக்குப் பித்தளை இருப்பதே தெரியாது. கித்தாரிலிருந்து கழற்றிய பிக்-அப்பை வீணையில் ஒட்டிப் பார்த்தால், மேலே இரண்டு தந்தி முழங்கும். கீழே இரண்டும் ஊமை. நடுவில் எஃகு வைத்துச் சுற்றிய தந்தி போட வேண்டும், அல்லது காந்தத்தை விட்டுப் பைசோவுக்குப் போக வேண்டும். பைசோவுக்கு உலோக பேதம் கிடையாது, ஆனால் நகம் பட்டது, மோதிரம் இடித்தது எல்லாவற்றையும் சபைக்குச் சொல்லிவிடும். தாளத் தந்திகள் வேறு இருக்கின்றன. அவை பக்கவாட்டு வளைவின் மேல் தனியே போகின்றன. பிக்-அப் அவற்றையும் கேட்காவிட்டால் வலது சுண்டுவிரல் சத்தமில்லாமல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

கெட்டி உடம்பு வீணைக்குக் கொடுக்கும் பெரிய வரம் கார்வை. வில் வாத்தியத்துக்கு இது பொருட்டில்லை. வில் ஓடுகிற வரை ஒலி ஓடும். வீணையில் ஒரு மீட்டில் பிறந்த ஒலி, குடத்தை அசைத்து அசைத்தே தன்னைச் செலவழித்துக்கொண்டு அடங்குகிறது. அடங்குவதற்குள் கமகத்தை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி மீட்ட வேண்டும். குடம் இல்லையென்றால் அந்தச் செலவு இல்லை. ஒரே மீட்டில் ஆலாபனையின் நீண்ட பிடி ஒன்றைக் கடைசி வரை இழுத்துப் போகலாம். பாட்டுக்காரரின் மூச்சுக்கு அருகே வருகிறது. இது எப்போதும் லாபம்தான் என்று சொல்ல மாட்டேன். மீட்டு அடங்கி, அடுத்த மீட்டு விழும் அந்த இடைவெளியும் வீணையின் பேச்சில் சேர்ந்ததே. தானம் வாசிக்கும்போது கார்வை மிகுந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மழுங்கும். மின் வீணைக்கு மாறுபவர்கள் மீட்டின் எடையைப் புதிதாகப் பழக வேண்டியிருப்பதும் இதனால்தான்.

2002-இல் ராஜ் நாராயண் இன்னும் ஒரு படி தாண்டி, ‘சுநாதவிநோதினி’ என்ற டிஜிட்டல் வீணையை அறிமுகப்படுத்தினார். அதில் தந்தியின் ஒலி அப்படியே வெளிவருவதில்லை. விரல் தந்தியில் செய்வதை உணர்ந்து, வீணையின் நாதத்தை மின்னணுவியல் உண்டாக்கித் தருகிறது. தந்தியை இறுக்கித் தளர்த்தாமலே சுருதியை மாற்றிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட கருவிகளுக்கெல்லாம் இயற்கை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எந்த ஸ்வரம் என்று அறிய, தந்தி ஒரு முழு அதிர்வாவது ஆடி முடிக்க வேண்டும். நொடிக்கு 100 அதிர்வு உள்ள மந்தர ஸ்வரத்துக்கு அது 10 மில்லிசெகண்ட்; இன்னும் கீழே போனால் இன்னும் தாமதம். நொடிக்கு எட்டு ஸ்வரம் ஓடும் துரித காலத்தில் ஒரு ஸ்வரத்துக்கு 125 மில்லிசெகண்ட்தான். அதற்குள் இந்தத் தாமதம் விரலுக்கு உறைக்காமல் இருக்க வேண்டும். கேட்பவர் கவனிக்கமாட்டார், வாசிப்பவரின் விரல் உடனே கண்டுகொள்ளும்.

என்னைக் கேட்டால், இரண்டில் பழைய மின் வீணைப் பக்கம்தான் சாய்வேன். தந்தியில் விரல் வழுக்கும்போது எழும் அந்த மெல்லிய கீச்சு, குதிரையின் மேல் பதித்த உலோகத் தகட்டின் இலேசான வளைவைத் தந்தி உரசி உரசி எழுப்பும் ரீங்காரம், இவை தந்தியிலிருந்தே நேராக வரவேண்டும் என்பது என் பிடிவாதம். ஆனால் சிறு பிள்ளைகளுக்கு வீணை கற்றுக்கொடுக்கும் வீட்டில், சுருதி சேர்க்கவே பாதி நேரம் போகிற வகுப்பில், டிஜிட்டல் வீணைக்கு எதிராக வாதாட மாட்டேன்.

எந்த வீணையானாலும் பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் சிமிழ் இருக்கும். இடது கை விரல்கள் அதில் தோய்ந்தால்தான் தந்தியில் வழுக்கும். குடத்தைக் கழற்றியவர்களாலும் அதைக் கழற்ற முடியவில்லை. அதனால் மின் வீணை வாங்கப் போகிறவர்கள் ஒலி கூட்டும் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய் படாத வலது கைக்கு, மீட்டும் இடத்திலிருந்து எட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டும். கச்சேரி நடுவில் ஒலியைக் குறைக்க இடது கை வரவேண்டியிருந்தால், நாலாவது கச்சேரியில் திருகு பிசுபிசுக்க ஆரம்பித்துவிடும்.